ஜிம்முக்குப் போகும் மகனுக்கு புரோட்டீன் பவுடர் வாங்கித் தரலாமா?

ஈரோட்டு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வீட்டுப் பஞ்சாயத்துக்குத் தீர்ப்பு வேண்டும். மகனுக்கு 19 வயது, காலேஜ் இரண்டாம் வருடம், எடை 64 கிலோ. சில மாதங்களாக ஜிம்முக்குப் போகிறான். பவுடர் குடிக்காமல் உடம்பு ஏறாது என்று அங்கே மாஸ்டர் சொல்லிவிட்டாராம். இரண்டு கிலோ டப்பா ஐயாயிரத்துச் சொச்சம், மாஸ்டரே வரவழைத்துத் தருவாராம். இவன் அப்பாவோ, "கிட்னி போயிடும், அந்த டப்பா வீட்டுப் படியேறக் கூடாது" என்று நிற்கிறார்.

அவன் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். காலையில் நாலு இட்லி, சாம்பார், ஒரு டம்ளர் பால். மதியம் நான் கட்டித் தரும் சாதம், குழம்பு, பொரியல். சாயங்காலம் டீ, பிஸ்கட். ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா. தினம் ஒரு முட்டை. ஞாயிற்றுக்கிழமை கறி. இது போதுமா? போதாது என்றால் பவுடர்தான் வழியா?

சும்மா ஒருவன் எழுதியது:

எங்கள் தாத்தா கம்பங்கூழும் பழைய சோறும் சாப்பிட்டே மூட்டை தூக்கினார். எந்த டப்பாவைக் குடித்தார்? எல்லாம் வியாபாரம் மேடம்.

பருப்புசாதம் எழுதியது:

தாத்தா வந்துவிட்டார், இனி இழை களைகட்டும்.

கம்பில் 100 கிராமுக்கு 11 கிராம் போல புரதம் இருக்கிறது, அரிசியில் 8. தாத்தா உழைத்த உழைப்புக்கு ஒரு நாளைக்கு அரைக் கிலோ தானியமாவது உள்ளே போயிருக்கும். அதிலேயே ஐம்பது கிராம் புரதம் சேர்ந்துவிடும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு நாம் அரைக் கிலோ தானியம் தின்றால் புரதம் வரும், கூடவே தொப்பையும் சர்க்கரையும் வரும். தட்டில் தானியத்தைக் குறைத்தவர்கள் அந்த இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. சிக்கலே அங்கேதான்.

சேலம் தண்டால் எழுதியது:

அம்மா, பவுடர் என்றதும் ஏதோ ஊக்க மருந்து என்று நம் வீடுகளில் பயப்படுகிறார்கள். வே புரோட்டீன் என்பது பாலில் இருந்து வருவது. பாலில் உள்ள புரதத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் கேசீன், மீதி 20 சதவீதம் வே. சீஸ் செய்யும்போது கேசீன் கட்டியாகிவிடும். மிஞ்சும் தெளிந்த நீரை வடிகட்டி, காயவைத்து, பொடியாக்கினால் அதுதான் டப்பாவில் இருப்பது. கான்சன்ட்ரேட் என்றால் நல்ல வகையில் 80 சதவீதம் வரை புரதம், ஐசோலேட் என்றால் 90 வரை. ஒரு ஸ்கூப்பில் 24 கிராம் கிடைக்கும், தண்ணீரில் கலக்கினால் அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஊசி, மாத்திரை, ஸ்டீராய்டு எல்லாம் முற்றிலும் வேறு சமாச்சாரம். அதில் கெட்டுப்போனவர்கள் கதையைப் பவுடர் தலையில் கட்டுகிறார்கள். ஆனால் ஒன்று, மாஸ்டர் வரவழைத்துத் தரும் டப்பாவை வாங்காதீர்கள். நானும் ஜிம்மில்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

பருப்புசாதம் எழுதியது:

அப்படியானால் வீட்டில் பன்னீர் செய்யும்போது வடிகிற தண்ணீரைக் குடித்தால் போதுமே? ஐயாயிரம் மிச்சம்.

பால்காரர் மகன் எழுதியது:

அது அவ்வளவு சுலபம் இல்லை. சீஸுக்குப் பாலை லேசாகச் சூடாக்கி ரென்னெட் என்ற நொதியைப் போட்டு உறைய வைப்பார்கள், அதனால் வே புரதம் பெரும்பாலும் தண்ணீரிலேயே தங்கும். பன்னீருக்கு நாம் பாலைக் கொதிக்க வைத்து எலுமிச்சை பிழிகிறோம். கொதிக்கும்போதே வே புரதமும் உருக்குலைந்து கேசீனோடு ஒட்டிக்கொள்ளும். ஆக, பன்னீரிலேயே இரண்டும் இருக்கிறது. வடிந்த தண்ணீரில் பால் சர்க்கரையும் உப்புகளும் கொஞ்சூண்டு புரதமும்தான். சப்பாத்தி மாவு பிசைய நன்றாக இருக்கும், அதற்குப் பயன்படுத்துங்கள்.

சமச்சீர் எழுதியது:

அக்கா, நான் ஒரு மருத்துவமனையில் உணவியல் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதலில் உங்கள் மகன் தட்டைக் கணக்குப் போட்டுவிடுவோம். எல்லாம் தோராயம்தான், உங்கள் வீட்டு இட்லி அளவு எனக்குத் தெரியாது.

நாலு இட்லியில் 7 கிராம், ஒரு கரண்டி சாம்பாரில் 3, பாலில் 6. காலைக்கு 16. மதியம் சாதத்தில் 8, குழம்பும் பொரியலும் சேர்ந்து 5, ஆக 13. டீ பிஸ்கட்டில் 4. இரவு மூன்று சப்பாத்தியில் 10, குருமாவில் 3. முட்டையில் 6. கூட்டினால் 52 வருகிறது.

ஐ.சி.எம்.ஆர்., அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஆரோக்கியமான பெரியவருக்கு எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 64 கிலோவுக்கு 53. ஆக, ஜிம்முக்குப் போகாத பையனாக இருந்தால் நீங்கள் போடும் சாப்பாடே சரியாக இருக்கிறது. ஊரெல்லாம் புரதப் பற்றாக்குறை என்று விளம்பரம் கத்தினாலும், உங்கள் வீட்டில் நிலைமை அப்படி ஒன்றும் மோசம் இல்லை.

எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இது போதாது. 2018-இல் 49 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். கிலோவுக்கு 1.6 கிராம் வரை புரதம் கூடக்கூடத் தசை கூடியது, அதற்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. அந்தக் கணக்கில் 64 கிலோவுக்கு 102 கிராம். ஆரம்ப நிலையில் இருக்கிற பையனுக்கு உடனே அந்த உச்சிக்குப் போகத் தேவையில்லை, 1.3, 1.4 என்றாலே நல்ல பலன் இருக்கும். அதாவது 85 முதல் 90. துண்டு விழுவது 35 கிராம்.

அந்த 35-ஐ எப்படி நிரப்புவது? இன்னும் இரண்டு முட்டை, 12. சாயங்கால பிஸ்கட்டை எடுத்துவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், அதாவது ஊறுவதற்கு முன் 50 கிராம் கடலை, அது 10. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 7. மதியம் டப்பாவோடு ஒரு கிண்ணம் கெட்டித் தயிர், 6. முடிந்தது. பவுடருக்கு வேலையே வரவில்லை.

சேலம் தண்டால் எழுதியது:

காகிதத்தில் முடிந்தது சரி. காலை ஐந்தரைக்கு எழுந்து ஜிம், எட்டு மணி காலேஜ் பஸ், சாயங்காலம் ஆறுக்குத் திரும்புகிற பையன் சுண்டல் கிண்ணத்தை எங்கே வைத்துக்கொண்டு அலைவான்? முட்டையைக் காலேஜ் டப்பாவில் வைத்தால் வாசனைக்குப் பக்கத்துப் பையன் ஓடிவிடுவான். பவுடரின் லாபமே அந்தச் சௌகரியம்தான், வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

சமச்சீர் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். சௌகரியத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து வாங்கினால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சௌகரியத்தின் விலையையும் பார்ப்போம். ஒரு ஸ்கூப் எண்பது ரூபாயிலிருந்து நூறு ரூபாய் ஆகிறது. அதே 24 கிராம் நாலு முட்டையில் முப்பது ரூபாய் அளவில் வரும். மீல்மேக்கரில் 50 கிராம் எடுத்தால் 26 கிராம் புரதம், பத்து ரூபாய் சுமார். நம் ரேஷன் கடையில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், அதில் 220 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு ஸ்கூப் காசில் அந்தப் பருப்பு மூன்று கிலோ வருகிறது.

மூன்று கிலோ பருப்பை யாரும் குடிக்க முடியாது, தெரியும். சொல்ல வந்தது என்னவென்றால், வீட்டுச் செலவுப் பணத்தில் பவுடர் வாங்கும் குடும்பங்களில் அந்தக் காசு பாலிலும் பழத்திலும் இருந்துதான் எடுக்கப்படுகிறது. மகனுக்கு டப்பா, தங்கைக்கு வெறும் ரசம் சாதம் என்று இருக்கும் வீடுகளை வேலையில் பார்க்கிறேன்.

முட்டை பேச்சு வந்ததால் ஒன்று. பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றும் பழக்கம் ஜிம்மில் இன்னும் இருக்கிறது. 1998-இல் வந்த ஓர் ஆய்வில் வெந்த முட்டைப் புரதம் 90 சதவீதம் செரித்தது, பச்சை முட்டையில் பாதிதான். அவித்துக் கொடுங்கள்.

நெல்லைக்காரி எழுதியது:

எங்கள் வீடு சுத்த சைவம், முட்டையும் கிடையாது. மீல்மேக்கர் சாப்பிட்டால் ஆண் பிள்ளைகளுக்கு ஹார்மோன் கெட்டுவிடும் என்கிறார்களே? பயறை முளைகட்டினால் புரதம் கூடுமா?

சமச்சீர் எழுதியது:

சோயா பயம் வேண்டாம். ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியிட்டார்கள், டெஸ்டோஸ்டிரோன் அளவில் மாற்றம் இல்லை. வாரத்தில் நாலைந்து நாள் 50 கிராம் தாராளமாகச் சேர்க்கலாம். வேகவைத்த தண்ணீரைப் பிழிந்து ஊற்றிவிட்டுச் சமைத்தால் அந்த வாடை போய்விடும்.

முளைகட்டினால் புரதம் கூடாது. பயறு தண்ணீர் குடித்து உப்புகிறது, அதனால் எடைக்கு எடை பார்த்தால் குறையத்தான் செய்யும். செரிமானம் கொஞ்சம் சுலபமாகும், வைட்டமின் சி வரும், அந்த லாபம் உண்டு.

சைவத்தில் பார்க்க வேண்டியது வேறு ஒன்று. அரிசி, கோதுமையில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய, ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். இட்லியும் பொங்கலும் பருப்பு சாதமும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. ஆனால் பொங்கலில் பாசிப்பருப்பைத் தேட வேண்டியிருந்தால் பலன் இல்லை. சாம்பார் என்ற பெயரில் புளித்தண்ணீர் ஊற்றினாலும் அதே கதை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 60, 70 கிராம் பருப்பாவது உலையில் போகிறதா என்று பாருங்கள்.

சும்மா ஒருவன் எழுதியது:

இவ்வளவு பேசுகிறீர்களே, 2024 மே மாதம் ஐ.சி.எம்.ஆரும் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் உடம்பு ஏற்றுவதற்குப் புரதப் பவுடர் வேண்டாம் என்று நேரடியாகவே போட்டிருக்கிறார்களே? அதற்கு என்ன பதில்?

சமச்சீர் எழுதியது:

போட்டிருக்கிறார்கள், நானும் படித்தேன். 17 வழிகாட்டுதல்கள் கொண்ட ஆவணம் அது. பவுடர்களில் சர்க்கரை, இனிப்பூட்டி, செயற்கை மணம் சேர்க்கிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் ஒரு காரணம், அது உண்மை. நீண்ட காலம் அளவுக்கு மீறிப் புரதம் எடுத்தால் எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குக் கிலோவுக்கு ஒன்றரை கிராம் கெடுதல் செய்யும் என்று காட்டும் வலுவான ஆதாரத்தை நான் பார்க்கவில்லை.

ஆனால் பொதுமக்களுக்குச் சொல்லும் அறிவுரையாக அது சரிதான். நூறு பேர் கேட்டால் தொண்ணூறு பேருக்கு நானும் "வேண்டாம், சாப்பாட்டைச் சரி செய்" என்றுதான் சொல்வேன்.

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பவன் என்ற முறையில் சில விஷயம்.

பவுடர் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள், ஆனால் அலமாரியில் மூன்று சாதி இருக்கிறது. ஒன்று, தண்டால் தம்பி சொன்ன வே. இரண்டாவது, மாஸ் கெய்னர். ஒல்லியாக இருக்கிறான் என்று அம்மாக்கள் வாங்கிப் போவது பெரும்பாலும் இதைத்தான். பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் நூறு கிராமில் எழுபது கிராமுக்கு மேல் மாவுச்சத்து, அதிலும் சீக்கிரம் சர்க்கரையாக மாறும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவு. புரதம் பதினைந்து, இருபது. சர்க்கரைக்குப் பணக்கார வேஷம் போட்டது மாதிரி. மூன்றாவது, ஆபரேஷன் ஆனவருக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டர் சீட்டில் எழுதும் சாக்லேட் மணப் பவுடர். இதில் பல பிராண்டுகளில் நூறு கிராமுக்கு 30 முதல் 35 கிராம் புரதம்தான்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வரும். கொழுப்பு நீக்கிய பால் பவுடரிலும் நூறு கிராமுக்கு 35 கிராம் புரதம் இருக்கிறது, அதுவும் முதல் தரப் புரதம். கிலோ விலையில் அந்தச் சீட்டுப் பவுடரோடு ஒப்பிட்டால் பாதிகூட வராது. சில வைட்டமின்கள் கூடுதலாகச் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இதைக் கடையில் சொன்னால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

சேலம் தண்டால் எழுதியது:

போலி பற்றியும் சொல்லுங்கள் அண்ணா.

மருந்துக்கடைக்காரன் எழுதியது:

அதுதான் பெரிய தலைவலி. 2024-இல் மெடிசின் என்ற ஆய்விதழில் கேரளாவைச் சேர்ந்த மருத்துவர்கள் எழுதிய கட்டுரை வந்தது. இந்தியாவில் விற்கும் 36 புரதப் பொருட்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். 25-இல் லேபிளில் போட்டதற்கும் உள்ளே இருந்ததற்கும் பொருந்தவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிகூட இல்லை. ஐந்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு. மூலிகை சேர்த்தது என்று போட்டு விற்பவற்றில் ஈரலுக்கு ஆகாத சரக்கும் இருந்தது.

ஏமாற்றுவது எப்படி என்றால், ஆய்வுக்கூடத்தில் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். கிளைசின், டாரின் மாதிரி மலிவான அமினோ அமிலங்களைக் கொட்டினால் நைட்ரஜன் ஏறும், எண்ணிக்கை அழகாக வரும், தசைக்கு ஒன்றும் சேராது. சீனாவில் 2008-இல் குழந்தைகள் பால் பவுடரில் மெலமைன் கலந்தது இதே தந்திரம்தான். ஆறு குழந்தைகள் இறந்தார்கள், மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள்.

வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். இறக்குமதி என்றால் இறக்குமதியாளர் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர், பில் இரண்டும் வேண்டும். சேர்மானப் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. பில் தராத இடத்தில் வாங்கவே வேண்டாம், அது மாஸ்டராக இருந்தாலும் சரி, மாமாவாக இருந்தாலும் சரி.

நைட் ஷிப்ட் எழுதியது:

நான் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். கிட்னி பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

பவுடர் குடித்துக் கிட்னி போனது என்று வரும் இளைஞர்களிடம் நிதானமாகப் பேசினால் வேறு ஏதாவது வெளியே வரும். ஊசி போட்டிருப்பார்கள், வலி மாத்திரை தொடர்ந்து எடுத்திருப்பார்கள், பல நாள் கவனிக்காத பிரஷர் இருக்கும். பவுடர் மட்டும் காரணம் என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததை நான் பார்த்ததில்லை. அதற்காகப் பவுடர் எல்லோருக்கும் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்திருப்பவருக்கு அதிகப் புரதம் சுமைதான். 2003-இல் அமெரிக்க நர்ஸுகளிடம் நடத்திய ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அதிகப் புரதத்தால் பாதிப்பு இல்லை. லேசாகத் தளர்ந்திருந்தவர்களுக்குச் சரிவு வேகமானது. சிக்கல் என்னவென்றால், லேசாகத் தளர்ந்திருப்பது உடம்புக்குத் தெரியாது.

ஆகவே தம்பி ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று பார்த்துவிடட்டும். நல்ல தசை உள்ளவர்களுக்கும், கிரியேட்டின் என்று தனியாக விற்கும் பவுடர் எடுப்பவர்களுக்கும் ரத்தத்தில் கிரியேட்டினின் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எடுப்பதை டாக்டரிடம் மறைக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவருக்குப் புரதத்தை 0.8-க்குக் கட்டுப்படுத்தச் சொல்வார்கள். டயாலிசிஸ் ஆரம்பித்தபின் நிலைமை தலைகீழ், கிலோவுக்கு 1 முதல் 1.2 வரை வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸிலேயே அமினோ அமிலங்கள் வெளியே போகும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு பருப்பையும் முட்டையையும் ஒதுக்கி, எலும்பும் தோலுமாக வருகிறவர்கள் நிறைய. அவர்களிடம் நானே முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்லிக் கெஞ்சுகிறேன். பசியே இல்லாதவருக்கு டாக்டர் பவுடர் எழுதுகிறார், அது சரியான இடம்.

ஈரோட்டு அம்மா, வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பிரஷர் உண்டா?

நெல்லைக்காரி எழுதியது:

இதைப் படித்ததும் என் அப்பா ஞாபகம். 71 வயது, போன வருடம் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்தது. ஆபரேஷன் நன்றாக முடிந்தது, ஆனால் எழுந்து நடக்கத் தெம்பே வரவில்லை. தொடை பாதியாகிவிட்டது. என்ன சாப்பிடுகிறார் என்றால் காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சாதம், மோர் சாதம், ராத்திரி இரண்டு இட்லி. பல் செட் சரியாகப் பொருந்தவில்லை, கடலை, சுண்டல் எதுவும் மெல்ல முடியாது. இவருக்குப் பவுடர் கொடுக்கலாமா?

சமச்சீர் எழுதியது:

கொடுக்கலாமா இல்லை, இவரைப் போன்றவருக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும். ஜிம் பையன்களுக்காக இவ்வளவு நேரம் சண்டை போட்டோம். அவன் எப்படியும் பிரியாணியும் பரோட்டாவும் சாப்பிட்டுத் தேறிவிடுவான்.

வயதானவர் உடம்பு அதே புரதத்தைத் தசையாக மாற்றுவதில் மந்தமாகிவிடுகிறது. அதனால் இளைஞனைவிட அவருக்கு வேளைக்கு வேளை அதிகம் வேண்டும். 65-க்கு மேற்பட்டவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று 2013-இலேயே நிபுணர் குழு சொன்னது. முறிவு, ஆபரேஷன், படுக்கைப்புண் என்றால் இன்னும் கூடுதல். நீங்கள் எழுதிய சாப்பாட்டில் முப்பது கிராம் தேறுவதே கஷ்டம். இரண்டு இட்லி, சட்னியில் நாலைந்து கிராம்தான் இருக்கிறது.

சிறுநீரகப் பரிசோதனை சரியாக இருந்தால், பால் பவுடரில் ஆரம்பியுங்கள். காலைக் கஞ்சியில் இரண்டு மேசைக்கரண்டி, இரவுப் பாலில் இரண்டு. முப்பது கிராமுக்கு 10 கிராம் புரதம் கூடிவிடும். சர்க்கரை நோய் இருந்தால் பால் பவுடரில் பாதி பால் சர்க்கரை என்பதையும் கணக்கில் வையுங்கள். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஐசோலேட் வகை வே நல்லது, அதில் பால் சர்க்கரை மிகக் குறைவு. கூடவே பாசிப்பருப்பைக் குழையவிட்டுக் கொடுங்கள். பல் டாக்டரிடமும் காட்டுங்கள், பல் சரியானால் பாதிப் பிரச்சினை தீரும். பிசியோதெரபியை விடவே கூடாது. கால் அசையாமல் எவ்வளவு புரதம் ஊற்றினாலும் தசையில் சேராது.

சத்துமாவு போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நல்ல உணவுதான், ஆனால் பெரும்பாலும் தானியம். ஒரு கிண்ணக் கஞ்சிக்கு நாலைந்து கிராம் புரதம் வரும். பொட்டுக்கடலையின் பங்கைக் கூட்டி வீட்டிலேயே அரைத்தால் கொஞ்சம் ஏறும்.

பருப்புசாதம் எழுதியது:

பால் பவுடர் பேச்சு வந்ததால் ஞாபகம் வருகிறது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு மாதாமாதம் உணவுக்கூடை கொடுத்துப் பார்த்தார்கள். சென்னையில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கு. அரிசி, பருப்பு வகை, பால் பவுடர், எண்ணெய், கூடவே வைட்டமின் மாத்திரை. நோயாளிக்கு ஒரு நாளைக்கு 1200 கலோரி, 52 கிராம் புரதம் கூடுதலாகப் போகிற மாதிரி. ஒரு பகுதிக் குடும்பங்களில் வீட்டாருக்கும் தனியாக ரேஷன். 2023-இல் முடிவு வந்தது. வீட்டாருக்கும் ரேஷன் கிடைத்த குடும்பங்களில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது, தொற்றக்கூடிய வகை 48 சதவீதம். எல்லாம் மளிகைக் கடைச் சரக்கு. பசியில் இருப்பவர்களுக்குச் சாப்பாடே போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய ஆதாரம் எனக்கு வேண்டாம்.

சும்மா ஒருவன் எழுதியது:

இதைத்தானே நானும் முதலில் சொன்னேன். என்னைத்தான் கிண்டல் செய்தீர்கள்.

பருப்புசாதம் எழுதியது:

உங்களை இல்லை சார், தாத்தாவை.

புதுப்பொண்ணு எழுதியது:

நான் ஐந்து மாதக் கர்ப்பம். எங்கள் டாக்டரும் ஒரு டப்பா எழுதிக் கொடுத்திருக்கிறார். குடித்தால் குமட்டுகிறது. விட்டுவிடலாமா?

சமச்சீர் எழுதியது:

டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், எடை ஏறாமல் இருக்கிறது என்று காரணமாக எழுதியிருக்கலாம். பொதுவாகச் சொன்னால், நாலு முதல் ஆறாம் மாதம் வரை கூடுதலாக வேண்டியது 9.5 கிராம், கடைசி மூன்று மாதம் 22 கிராம். முதல் கணக்கு ஒரு முட்டையிலும் அரை டம்ளர் பாலிலும் முடிந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது இதுதான்: சத்துக்குறைவு உள்ள மக்களிடையே கர்ப்பிணிகளுக்குச் சமநிலையான சத்துணவு கொடுக்கலாம், புரதம் மட்டும் உயர்த்திய பவுடர் வேண்டாம். குமட்டினால் தயிர், அவித்த முட்டை, வறுத்த கடலை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். இரும்புச்சத்து, ஃபோலிக் ஆசிட் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஈரோட்டு அம்மா எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இழையை அப்படியே மகனையும் அவரையும் உட்காரவைத்துப் படிக்கச் சொன்னேன்.

முடிவு இப்படி: மாஸ்டர் டப்பா கிடையாது. காலையில் மூன்று முட்டை, நாலு இட்லிக்குப் பதில் மூன்று. வாரத்தில் மூன்று நாள் மீல்மேக்கர், அதைச் சுக்கா மாதிரி செய்தால் சாப்பிடுகிறானாம். தயிர் டப்பா கட்டாயம். பிஸ்கட் வாங்குவதில்லை. இரண்டு மாதம் இதை ஒழுங்காகச் சாப்பிட்டுக் காட்டினால், பரீட்சை நேரத்துக்கும் பஸ்ஸில் போகும் நாளுக்கும் மட்டும் ஒரு சின்ன டப்பா, பில்லோடு, அவன் அப்பாவே வாங்கித் தருவார். "ஒரு ஸ்கூப்புக்கு மேல் போட்டால் பார்" என்று இப்போதே மிரட்டல்.

நைட் ஷிப்ட் கேட்டிருந்தீர்கள். இவன் அப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை சரியாகச் சாப்பிடுவார், யூரின் டெஸ்ட் இதுவரை எடுத்ததே இல்லை.

நைட் ஷிப்ட் எழுதியது:

அக்கா, டெஸ்ட்டுக்கு முதலில் அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மகன் அப்புறம். நம் நாட்டில் சிறுநீரகம் பழுதாவதற்கு முதல் காரணம் சர்க்கரை நோய். சிறுநீரில் அல்புமின் லேசாக வரும் கட்டத்திலேயே பிடித்தால் மாத்திரையால் பல வருடம் தள்ளிப்போடலாம். வருடத்துக்கு ஒரு முறை போதும். அரசு மருத்துவமனையிலேயே எடுக்கலாம்.

ஹாஸ்டல்வாசி எழுதியது:

எங்கள் மெஸ்ஸில் சாம்பாரில் பருப்பைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ரூமில் கெட்டில் ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்வது?

சேலம் தண்டால் எழுதியது:

கெட்டிலில் முட்டை அவியும் தம்பி. தண்ணீர் கொதித்து அணைந்ததும் மூடியைத் திறக்காமல் கால் மணி நேரம் விடு, தேவைப்பட்டால் இன்னொரு தடவை கொதிக்கவிடு. பொட்டுக்கடலை ஒரு கிலோ, வறுத்த வேர்க்கடலை அரைக் கிலோ வாங்கி டப்பாவில் போட்டு வை. ரெண்டும் 100 கிராமுக்கு இருபதுக்கு மேல புரதம். பக்கத்து ரூம்காரர்களிடம் மட்டும் காட்டாதே, அப்புறம் உனக்கு எதுவும் மிஞ்சாது.